அன்றைக்கு மோசமாக ஓட்டியவர்

என் வீட்டுக்காரரை எங்கள் தெருவில் எல்லோரும் ‘மெதுவா மாஸ்டர்’ என்றுதான் சொல்வார்கள். கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவர். கற்றுக்கொள்ள வந்தவர் முதல் கியரைப் போடுவதற்குள் இவர் வாயிலிருந்து “மெதுவா” வந்துவிடும். நின்றுகொண்டிருக்கிற வண்டியைப் பார்த்து மெதுவா என்று சொல்கிற மனுஷன் உலகத்தில் இவர் ஒருவராகத்தான் இருப்பார். சாப்பிடுவதும் அப்படித்தான், சண்டை போடுவதும் அப்படித்தான். நான் நேர் எதிர். பேசி முடித்த பிறகுதான் என்ன பேசினோம் என்று யோசிப்பேன். இரண்டு பேரும் எப்படித்தான் இத்தனை வருஷம் குப்பை கொட்டினோம் என்று கேட்காதீர்கள், கொட்டியாகிவிட்டது.

அவருக்கு ஒரு பெருமை உண்டு. கற்றுக்கொள்ள வருகிறவர்கள் சுவரில் இடிப்பார்கள், மரத்தில் உரசுவார்கள், ஒருமுறை காய்கறி வண்டியையே சாய்த்தார்கள். ஆனால் அவர் கையில் ஸ்டீயரிங் இருந்து ஒரு கீறல்கூட விழுந்ததில்லை. இதை யாராவது கேட்டால்தான் சொல்வார் என்று நினைக்காதீர்கள், கேட்காமலே சொல்வார்.

யாரையும் நம்பாத சந்தேகப் புத்தியும் அவருக்கு உண்டு, ஆனால் அது பிறவியில் வந்ததில்லை. அதை ஒரு டயர் கடைதான் கொண்டுவந்து விட்டது. டயர் மாற்றப் போன இடத்தில், இணையத்தில் கணக்குத் தொடங்கினால் சலுகை உண்டு என்று கடைப்பெண் சொல்ல, இவரும் தன் மின்னஞ்சல் முகவரியை எழுத்தெழுத்தாகச் சொல்லிவிட்டு வந்தார். அவ்வளவுதான், பிடித்தது சனி. மெத்தைக்காரன் எழுதினான். முடி வளர்க்கும் எண்ணெய்க்காரன் எழுதினான். யாரோ ஒரு அம்மாள் தனியாக இருக்கிறேன் என்று எழுதினாள். பயிற்சிக்கு நேரம் கேட்டு வந்த அஞ்சல்கள் இந்தக் குப்பைக்குள் காணாமல் போயின. “எண்ணெய்க்காரனுக்கு என் தலை எப்படித் தெரிஞ்சுது?” என்று ஒருநாள் வழுக்கையைத் தடவிக்கொண்டு நிஜமான கவலையோடு கேட்டார். நான் சிரித்த சிரிப்பில் அன்று முழுக்க முகம் கொடுத்துப் பேசவில்லை.

சிரிப்பெல்லாம் கொஞ்ச நாள்தான். டயர் கடையின் கணக்குகளை எவனோ திருடிவிட்டான். இவர் எல்லா இடத்துக்கும் ஒரே கடவுச்சொல்லை வைத்திருந்ததால் திருடனுக்குத் தட்டின கதவெல்லாம் திறந்தது. வெளியூரில் மாட்டிக்கொண்டேன், உடனே உதவுங்கள் என்று இவர் பெயரில், இவரிடம் படித்தவர்கள் அத்தனை பேருக்கும் அஞ்சல் போனது. பழைய மாணவர் ஒருவர் பதறியடித்துக்கொண்டு வீட்டுக்கே ஓடிவந்தார். கதவைத் திறந்தது மாஸ்டர், வாயில் பல் துலக்கும் பிரஷ்ஷோடு. அவமானத்தில் மனுஷன் இரண்டு நாள் வெளியே தலை காட்டவில்லை.

அந்தச் சமயத்தில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனிப் பெண் இவரிடம் ஓட்டக் கற்றுக்கொண்டிருந்தாள். புலம்பலைக் கேட்டவள், பாடம் முடிந்து எங்கள் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு இவருக்குப் பாடம் எடுத்தாள். நானும் ஜன்னல் பக்கமாய் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

“கண்ட கடைக்கெல்லாம் உங்க நிஜ மெயில் ஐடியை ஏன் மாஸ்டர் குடுக்கறீங்க? யூஸ் அண்ட் த்ரோ ஐடி இருக்கே.”

“அது எங்க விக்குது?”

“விக்கறதில்ல, சும்மாவே கிடைக்கும். அதுக்குன்னு ஒரு சைட் இருக்கு. வாய்க்கு வந்த பேரை அடிங்க, அந்தப் பேர்ல ஒரு பெட்டி திறக்கும். கணக்கு தொடங்கும்போது வர்ற மெயிலை அதுல பாத்துக்கோங்க. ஒரு வாரத்துல எல்லாம் தானா அழிஞ்சிடும். அப்புறம் மெத்தைக்காரன் எவ்வளவு கத்தினாலும் உங்க காதுல விழாது.”

“ரொம்ப சௌகரியமா இருக்கே.”

“ஒண்ணே ஒண்ணு. அந்தப் பெட்டிக்குப் பூட்டு கிடையாது. பேர் தெரிஞ்சா யார் வேணாலும் திறந்து பாக்கலாம். அதனால பேங்க், ஆஸ்பத்திரி, கவர்மெண்ட், இதுக்கு மட்டும் நிஜ ஐடிதான் குடுக்கணும். மறந்துடாதீங்க மாஸ்டர்.”

மறக்க மாட்டேன் என்று தலையை ஆட்டினார். அன்றிலிருந்து பிடித்துக்கொண்டார். செருப்புக் கடையா, ஒரு பெட்டி. சினிமா டிக்கெட்டா, ஒரு பெட்டி. ஒரு கட்டுரையைப் படிக்க மெயில் ஐடி கேட்டால்கூட ஒரு பெட்டி. பெயருக்கு எங்கே போவது? அதற்கும் வழி வைத்திருந்தார். அன்றைக்கு வண்டியை யார் ரொம்ப மோசமாக ஓட்டினார்களோ அவர்களுடைய பட்டப்பெயர், பின்னால் அன்றைய தேதி. அவரிடம் படிக்கிறவர்கள் எல்லோருக்கும் எங்கள் வீட்டில் பட்டப்பெயர் உண்டு. நாய் குறுக்கே வந்தாலும் நிழல் குறுக்கே வந்தாலும் ஒரே மிதியாக மிதிப்பவள் பிரேக்கம்மா. ஹாரனை அழுத்திக்கொண்டே ஓட்டுகிற பள்ளிக்கூட ஆசிரியர் ஹாரன் வாத்தியார். சாயங்காலம் அவர் செருப்பைக் கழற்றும்போதே நான் கேட்பேன், “இன்னிக்கு யாரு?” என்று.

கேலி செய்தேனே தவிர, பலன் இருந்ததை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். அந்தச் செருப்புக் கடையின் கணக்குகளும் ஒருநாள் திருடு போயின. அக்கம்பக்கத்தில் பாதிப் பேர் தலையில் கையை வைத்துக்கொண்டு கடவுச்சொல் மாற்றிக்கொண்டிருந்தார்கள். எங்கள் வீட்டில் மாஸ்டர் காலை ஆட்டிக்கொண்டு பேப்பர் படித்தார். திருடனுக்குக் கிடைத்தது பிரேக்கம்மாதான். அவளை வைத்துக்கொண்டு அவனால் ஒரு முழம் நகர முடியாது.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் குளிக்கும்போது என் கையில் அது தட்டுப்பட்டது. இடது மார்பில், ஒரு பட்டாணி அளவுக்கு. என் பெரியக்காவுக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது. அவள் கடைசிவரைக்கும் ஒண்ணுமில்லை, ஒண்ணுமில்லை என்றே சொல்லிக்கொண்டிருந்து போய்ச் சேர்ந்தாள். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. டாக்டரம்மா அழுத்திப் பார்த்துவிட்டு, ஊசியால் கொஞ்சம் சதை எடுத்துச் சோதனை செய்துவிடலாம் என்றார். வெளியே வந்ததும் வீட்டுக்காரர் சொன்னது என்ன தெரியுமா? “ஒண்ணும் இருக்காது. மெதுவா பாத்துக்கலாம்.” அந்த ‘மெதுவா’வைக் கேட்டதும் எனக்கு உச்சந்தலைக்கு ஏறியது. ஆஸ்பத்திரி வாசலாயிற்றே என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

சோதனைக்கூடத்துக்கு அவர்தான் கூட்டிக்கொண்டு போனார். காலைப் பாடத்தை மட்டும் ரத்து செய்திருப்பதாகச் சொன்னார். என்னை வாசலில் இறக்கிவிட்டு வண்டியை நிறுத்தப் போனார். வர நேரமானது. நான் உள்ளே கூப்பிடப்பட்டு, சட்டையைக் கழற்றி அவர்கள் கொடுத்த அங்கியை மாட்டிக்கொண்டு, குளிர்ந்த கட்டிலில் படுத்துக் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் அவர் மேலே வந்து கவுண்டரில் என் பதிவில் பாக்கியிருந்த விவரங்களைக் கொடுத்திருக்கிறார். நான் வெளியே வந்தபோது நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். “முடிஞ்சுதா? ரிசல்ட் மெயில்ல வருமாம்” என்றார், ஏதோ டயர் டெலிவரி ஆகப்போகிறது என்கிற மாதிரி.

மறுநாள் காலையில் வண்டியின் பின்கதவில் நீளமாக ஒரு கீறல் இருந்தது. மஞ்சள் பெயிண்ட் வேறு ஒட்டியிருந்தது. “யாரு?” என்றேன். “பிரேக்கம்மா” என்றார். இருந்த எரிச்சலையெல்லாம் அந்தப் பிரேக்கம்மா தலையில் கொட்டினேன். பாவம், அவள் எங்கேயோ விக்கிக்கொண்டிருந்திருப்பாள்.

அதற்குப் பிறகு காத்திருப்பு. அதை எப்படிச் சொல்வது? தும்மினால்கூட பெரியக்கா ஞாபகம் வந்தது. வெளியூரில் இருக்கிற மகளிடம் போனில் பேசும்போது குரல் மாறிவிடக் கூடாதே என்று சமையலறைக் குழாயைத் திறந்துவிட்டுப் பேசினேன். இவரோ தினம் தன் அஞ்சல் பெட்டியைத் திறந்து பார்த்து “இன்னும் வரல” என்பார், பாடத்துக்குப் போவார், வருவார், வண்டியைத் துடைப்பார், சீட்டியடிப்பார். படுத்தால் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு அசையாமல் தூங்குவார். என்ன ஜென்மம் இது, கட்டினவளுக்கு இப்படி ஒன்று என்றால் கொஞ்சம்கூடப் பதற்றமில்லையே என்று எனக்கு ஆறவே இல்லை. நோயைவிட அதுதான் என்னை அதிகம் அரித்தது என்று சொன்னால் நம்புவீர்களா? தெரியவில்லை, ஆனால் அப்படித்தான் இருந்தது.

நீண்ட விடுமுறைக்கு முந்தின நாள் மதியம். எனக்குப் பொறுமை போய்விட்டது. சோதனைக்கூடத்துக்குப் போன் போட்டு, சாப்பாட்டு மேஜையில் வைத்து ஸ்பீக்கரைத் தட்டினேன். அவரும் எதிரில் உட்கார்ந்திருந்தார்.

“ரிசல்ட் போன வாரமே மெயில் பண்ணிட்டோமேம்மா” என்றாள் அந்தப் பெண்.

“வரலையேம்மா. எந்த ஐடிக்கு அனுப்பினீங்க?”

“போன்ல ஐடி சொல்லக் கூடாதும்மா. உங்க பிரைவசி.”

“என் பிரைவசியை என்கிட்ட இருந்தே காப்பாத்தறியாம்மா? நல்லா இருக்கு.”

“வேணும்னா அட் குறிக்கு அப்புறம் வர்றதை மட்டும் சொல்றேன்” என்று இரக்கப்பட்டு, அதைச் சொல்லவும் செய்தாள்.

அதைக் கேட்டதும் எதிரில் இருந்தவரைப் பார்த்தேன். பேயறைந்த மாதிரி இருந்தார். அது அந்த யூஸ் அண்ட் த்ரோ சைட்டின் பெயர்.

“சரிம்மா, ஐடியை மாத்திக் குடுக்கறோம், திரும்ப அனுப்பு” என்றேன்.

“மாத்தணும்னா பழைய ஐடிக்கு ஒரு லிங்க் போகும். அதை அழுத்தினாத்தான் மாறும். இல்லைன்னா அடையாள அட்டையோட நேர்ல வாங்க. ஆனா கவுண்டர் இப்பத்தான் மூடினோம். லீவு முடிஞ்சு வாங்கம்மா.”

டாக்டரம்மாவுக்குப் போட்டால், அவரும் விடுமுறையில் ஊருக்குப் போய்விட்டார் என்றார்கள்.

போனை வைத்தேன். அதற்கப்புறம் நான் என்ன பேசினேன் என்று எழுதினால் இந்தக் காகிதம் தாங்காது. “ஆஸ்பத்திரிக்கு மட்டும் நிஜ ஐடின்னு அந்தப் பொண்ணு படிச்சுப் படிச்சு சொன்னாளே. என் மார்ல என்ன இருக்குன்னு பூட்டில்லாத பெட்டியில போட்டு நடுத்தெருவுல வெச்சிருக்கீங்க. போற வர்றவன்லாம் திறந்து பாக்கலாம், நான் மட்டும் பாக்க முடியாது. அப்படித்தானே?”

 அவர் சமாதானம் சொல்லியிருந்தால்கூட இன்னும் நாலு வார்த்தை கேட்டு என் ஆத்திரம் தீர்ந்திருக்கும். அதை விட்டுவிட்டு, “போன வாரம் அனுப்பினதுன்னா இன்னிக்கு அழிஞ்சிடும்” என்றார், மேஜையைப் பார்த்துக்கொண்டு.

 கத்துவதை நிறுத்திவிட்டுக் கம்ப்யூட்டரைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தேன். “பேரை அடிங்க.”

“ஞாபகம் இல்லம்மா.”

“சோதனை எடுத்த தேதி தெரியும். அன்னிக்கு மோசமா ஓட்டினவங்க பேரு, அவ்வளவுதானே? யாரு?”

“பிரேக்கம்மா” என்று முணுமுணுத்தார். அடித்தார். பெட்டி காலி. ஹாரன் வாத்தியாரை அடித்தார். காலி. தெரிந்த பட்டப்பெயரையெல்லாம் ஒவ்வொன்றாக அடித்தார். எல்லாம் காலி. 

நான் ஒரு சலவைக்கடையில் கவுண்டரில் நிற்கிறவள். சீட்டைத் தொலைத்துவிட்டு வந்து, என் நீலச் சட்டை, என் கருப்புக் கோட்டு என்று நிற்பவர்களோடு மல்லுக்கட்டுவதுதான் என் பிழைப்பில் பாதி. அவர்களிடம் துணியைப் பற்றிக் கேட்டால் ஒன்றும் நடக்காது, எல்லோரிடமும் நீலச் சட்டை இருக்கிறது. கொடுத்த அன்றைக்கு எங்கே போனீர்கள், யாரோடு வந்தீர்கள், மழை பெய்ததா என்று கேட்டால், பேசிக்கொண்டே வந்து தானாக விஷயத்தில் இடறி விழுவார்கள். நாற்காலியை இழுத்துப் போட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

“பேரை விடுங்க. அன்னிக்கு என்னை வீட்டுல கொண்டுவந்து விட்டுட்டு யாருக்கு கிளாஸ் எடுத்தீங்க?”

“கிளாஸ் எடுக்கல.”

“ஏன்? காலையில மட்டும்தானே கேன்சல் பண்ணினேன்னு சொன்னீங்க.”

“முழு நாளும் கேன்சல் பண்ணிட்டேன். முந்தின நாளும் எடுக்கல.”

“அப்போ சாயங்காலம் பூங்கா பக்கம் கிளாஸ் இருக்குன்னு கிளம்பினீங்களே?”

“போனேன். வண்டியை நிறுத்திட்டு உக்காந்திருந்தேன்.”

இது எனக்குப் புதுச் செய்தி. ஆனாலும் நான் பிடித்த பிடியை விடவில்லை. “சரி, கிளாஸே எடுக்கலைன்னா பிரேக்கம்மா எப்ப வந்து கதவைக் கீறினா?”

 வெளியே யாரோ வண்டியைப் பின்னால் எடுக்கிற சத்தம் கேட்டது. அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

“அது அவ இல்ல.”

“பின்ன?”

“உன்னை வாசல்ல இறக்கி விட்டுட்டு நிறுத்தப் போனேன்ல. கீழ ஒரு மஞ்சத் தூண் இருந்துச்சு. பாத்துக்கிட்டேதான் போய் உரசினேன். கை நிக்கவே இல்ல. கால் எந்தப் பெடல்ல இருக்குன்னு தெரியல. இறங்கிப் பாக்கக்கூடத் தோணல, அப்படியே ஸ்டீயரிங்ல தலையை வெச்சுக்கிட்டு உக்காந்துட்டேன். நீ தேடுவியேன்னு மேல வந்தா, அந்தக் கவுண்டர் பொண்ணு டேப்லெட்டை நீட்டி மெயில் ஐடி அடிங்க சார்னா. மனசு எங்கேயோ இருந்துச்சு. பழக்க தோஷத்துல கை பாட்டுக்கு அடிச்சிடுச்சு.”

“என்னன்னு அடிச்சுது?”

“ஞாபகம் இல்லன்னு சொன்னது பொய் இல்லம்மா. நெனச்சுப் பாக்கத்தான் பயமா இருந்துச்சு” என்றவர், கம்ப்யூட்டர் பக்கம் திரும்பி, தேடித் தேடி எழுத்துகளை அழுத்தினார். ‘மாஸ்டர்’. பின்னால் அந்தத் தேதி.

பெட்டி திறந்தது. உள்ளே ஒரே ஒரு அஞ்சல், சோதனைக்கூடத்தின் பெயரோடு. அதில் ஒரு கோப்பு. அழுத்தினால், திறப்பதற்கு நோயாளியின் பிறந்த தேதியை அடிக்கச் சொன்னது. அதைப் பார்த்ததும் எனக்குப் பாதி மூச்சு வந்தது. பெட்டிக்குப் பூட்டு இல்லாவிட்டாலும் கோப்புக்குப் பூட்டு இருந்திருக்கிறது, ஊரார் யாரும் என் மார்பைப் பற்றிப் படித்திருக்க மாட்டார்கள். மீதி மூச்சு அந்தக் கோப்புக்குள் இருந்தது.

“நீங்களே படிங்க. எனக்கு வேண்டாம்” என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

அவர் தேதியை அடிக்கிற சத்தம் கேட்டது.  பெரியக்காவின் முகம் வந்தது, மகள் முகம் வந்தது. கேட்கலாமா வேண்டாமா என்று வாய் வரைக்கும் வந்து போனது.

“இல்லன்னு போட்டிருக்கு” என்றார்.

“என்ன இல்ல?”

“அது இல்ல.”

“எது? வாயைத் திறந்து சொல்லுங்களேன்.”

அவரால் அந்தச் சொல்லைச் சொல்ல முடியவில்லை. கையைப் பிடித்து இழுத்துத் திரையைக் காட்டினார். நானே படித்தேன். மருத்துவர்கள் எதையும் நேராக எழுத மாட்டார்களே, சுற்றி வளைத்துத்தான் எழுதியிருந்தார்கள். தீங்கில்லாத கட்டி. புற்று அணுக்கள் எதுவும் காணப்படவில்லை. ஆறு மாதம் கழித்து மறுபடி வந்து பார்க்கவும். மூன்று தரம் படித்தேன். மூன்று தரமும் அதையேதான் சொன்னது. போன உயிர் திரும்பி வந்தது என்று சொல்வார்களே, அது சும்மா சொல்கிற பேச்சு இல்லை. கால் விரல் நுனிவரைக்கும் எனக்குத் தெரிந்தது.

“முதல்ல அதை எறக்கிக்கிட்டு, பெட்டியில இருந்து அழிங்க” என்றேன். இறக்கினார். அழித்தார். அழிந்ததா என்று திரும்ப ஒருமுறை திறந்து பார்த்தார்.

பிறகு திட்டலாம் என்று வாயைத் திறந்தேன். திட்டுவதற்கு எனக்கு எத்தனையோ இருந்தது. ஆனால் அவர் கண்ணாடி இல்லாத முகத்தோடு, தோள் குலுங்க, சத்தமே இல்லாமல் அழுதுகொண்டிருந்தார். இத்தனை வருஷத்தில் நான் பார்க்காத அழுகை.

“பயமா இருந்தா சொல்லக் கூடாதா?” என்றேன். “சீட்டியடிச்சுக்கிட்டு வண்டியைத் துடைச்சீங்களே.”

“நானும் ஆடிப்போயிட்டா நீ என்னம்மா பண்ணுவே? உனக்கு தைரியமா இருக்கட்டும்னுதான்.”

“தைரியமா? நீங்க கல்லு மாதிரி இருந்தீங்க. நான் தனியா கிடந்து செத்தேன்.”

“நானும்தான்” என்றார்.

அதற்கு மேல் என்னால் கோபத்தைப் பிடித்து வைத்திருக்க முடியவில்லை. எழுந்து, அவர் தலையை என் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டேன். நானும் அழுதேன், நடுவில் சிரிப்பும் வந்தது. அவர் போன் அடித்தது. மதியப் பாடத்துக்குக் காத்திருந்த யாரோ. நானே எடுத்து, மாஸ்டருக்கு இன்றைக்கு முடியாது என்று சொல்லி வைத்தேன்.

இரண்டு பேரும் போய் சோபாவில் விழுந்தோம். சாப்பாடு மேஜையில் மூடியபடியே இருந்தது. மகளுக்குப் போன் செய்து எல்லாவற்றையும் ஆதியோடந்தமாகச் சொல்லிவிட வேண்டும் என்றேன். ஆமாம் ஆமாம் என்றார். யார் முதலில் சொல்வது என்று பேசிக்கொண்டிருந்தோம். அவர் பாதி வாக்கியத்தில் நின்றுவிட, திரும்பிப் பார்த்தால் வாயைத் திறந்துகொண்டு குறட்டை. இவ்வளவு நாளும் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு ஒரு சத்தமும் இல்லாமல் கிடந்தது தூக்கமே இல்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. எழுப்பவில்லை. அவர் தோளில் சாய்ந்து, அந்தக் குறட்டையைக் கேட்டுக்கொண்டே நானும் தூங்கிப்போனேன்.